ஒரு பல் ஒன்றும் சொல்லாது

சென்ற மாதம் என் மகளுக்கு முதல் பால்பல் விழுந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா உடனே பரபரப்பானார். "சாணியில வச்சு உருட்டிக் கூரை மேல எறியணும்டா, அப்பத்தான் அடுத்த பல்லு கோணாம முளைக்கும்" என்றார். நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளம். சாணிக்கும் வழியில்லை, கூரைக்கும் வழியில்லை. மகளோ பல்லைக் கொடுக்கவே மறுத்துவிட்டு, ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதைப் படுக்கவைத்துவிட்டாள். அவள் தூங்கிய பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். அரிசியைவிடச் சற்றுப் பெரியதாக, அடியில் காய்ந்த ரத்தப் பொட்டுடன், கையில் எடை தெரியாமல் இருந்தது. இப்படிப்பட்ட பற்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் ஒரே ஊரின் முகவரிக்கு உறைகளில் வந்து குவிந்த கதையைச் சில காலமாகப் படித்துக்கொண்டிருந்ததால், அந்தப் பெட்டியை மூட எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

அணு ஆயுத எதிர்ப்பு இயக்கம் என்றால் பதாகையும் ஊர்வலமும், வட்டத்துக்குள் கோடுகள் கொண்ட அந்தச் சமாதானச் சின்னமுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். 1958இல் இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டன் நடைப்பயணத்துக்காக வரையப்பட்ட சின்னம் அது. இன்று பனியன்களிலும் காதணிகளிலும் தொங்குகிறது. ஊர்வலங்களின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1954 முதல் 1963 வரையிலான பத்தாண்டுகளில், அதாவது இந்த இயக்கம் வல்லரசுகளை மெய்யாகவே வளையவைத்த காலத்தில், அதன் கையில் இருந்தவை மீனும் பாலும் பல்லும்தான் என்பது படிக்கப் படிக்கத் தெளிவாயிற்று. குண்டு நல்லதா கெட்டதா என்ற வாதத்தைவிட, அதன் தூசு எங்கே விழுகிறது, யார் உடம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகளே அன்று ஆட்களைத் திரட்டின.

1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி பவளத்திட்டில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. 6 மெகாடன் என்று எதிர்பார்க்கப்பட்ட குண்டு 15 மெகாடனாக வெடித்தது. ஹிரோஷிமா குண்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே, டாய்கோ ஃபுகுரியூ மாரு என்ற ஜப்பானிய மரப்படகு சூரை மீனுக்குத் தூண்டில் விட்டிருந்தது. ஆங்கிலத்தில் லக்கி டிராகன் என்று பெயர் பெற்ற படகு அது. அதிலிருந்த 23 பேரும் விடியலுக்கு முன்பே மேற்குத் திசையில் வெளிச்சத்தைக் கண்டார்கள். சில மணி நேரம் கழித்து வெண்ணிறத் தூள் மழைபோல் பெய்யத் தொடங்கியது. பொடியாகிப்போன பவளம் அது. அவர்கள் தலையிலும் தோளிலும் மேல்தளத்திலும் படிந்தது; நடந்தால் காலடித் தடம் பதியும் அளவுக்குச் சேர்ந்தது. சிலர் என்னவென்று தெரியாமல் நாக்கில் வைத்தும் பார்த்தார்களாம். ஒருவர் அதில் கொஞ்சத்தைப் பொட்டலமாகக் கட்டி எடுத்து வைத்துக்கொண்டார்.

மார்ச் 14 அன்று படகு யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியபோது ஆட்களின் முகம் கறுத்திருந்தது, முடி கொத்தாக உதிர்ந்தது. மீன் வழக்கம்போல ஏலம் போய்ப் பல நகரங்களுக்கும் சென்றுவிட்டது. மார்ச் 16 அன்று பத்திரிகையில் செய்தி வந்ததும் ஒசாகாவைச் சேர்ந்த நிஷிவாகி யாசுஷி என்ற உயிர் இயற்பியலாளர் கதிரியக்க அளவுமானியை எடுத்துக்கொண்டு நேராக மீன் சந்தைக்குப் போனார். கருவி படபடத்தது. டோக்கியோவின் சுகிஜி சந்தையில் சூரை மீன்களைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். "அணுகுண்டுச் சூரை" என்ற சொல் ஒரே வாரத்தில் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் 850க்கும் மேற்பட்ட படகுகளின் மீனில் கதிரியக்கம் கண்டறியப்பட்டது. அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸோ, படகு அபாய எல்லைக்குள்தான் இருந்திருக்க வேண்டும் என்று செய்தியாளர்களிடம் சொன்னார்.

அந்தப் பொட்டலத்துக்கு வருகிறேன். அதை டோக்கியோ பல்கலைக்கழக வேதியியலாளர்கள் பிரித்து ஆராய்ந்தார்கள். எந்தெந்தத் தனிமங்கள் எவ்வளவு என்ற பட்டியலை நிஷிவாகி ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றார். பெல்ஜியத்தில் ஜோசப் ராட்பிளாட் என்ற இயற்பியலாளரைச் சந்தித்து அதைப் பகிர்ந்துகொண்டார். அணுகுண்டு தயாரிப்புத் திட்டத்திலிருந்து மனச்சாட்சிக்காக விலகியவர் ராட்பிளாட். அவர் அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டு, குண்டின் வெளிக்கூட்டில் இருந்த யுரேனியமும் பிளவுபட்டிருக்கிறது, ஆகவே கதிரியக்கத் தூசு அரசு ஒப்புக்கொண்டதைவிடப் பலமடங்கு அதிகம் என்று கண்டு, 1955இல் அதை வெளியிட்டார். உலகின் மிக இறுக்கமான ராணுவ ரகசியங்களில் ஒன்று ஒரு மீனவரின் காகிதப் பொட்டலத்திலிருந்து அவிழ்ந்தது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை. தத்துவஞானி ரஸ்ஸலும், அதற்குள் இறந்துவிட்டிருந்த ஐன்ஸ்டைனும் கையெழுத்திட்டு, அதே ஆண்டு ஜூலையில் வெளியான அணு ஆயுத எதிர்ப்பு அறிக்கையில் ராட்பிளாட்டும் கையெழுத்திட்டிருந்தார். அணு ஆயுத ஆபத்தைப் பேச அறிவியலாளர்கள் கூடும் பக்வாஷ் மாநாடுகள் 1957இல் தொடங்கின; அவை அதிலிருந்து கிளைத்தவையே.

படகின் வானொலிக் கருவியை இயக்கிவந்த குபோயாமா அய்கிச்சி 1954 செப்டம்பர் 23 அன்று இறந்தார். கதிரியக்கமா, சிகிச்சையில் ஏற்றிய ரத்தத்தால் வந்த ஈரல் நோயா என்று இரு நாட்டு மருத்துவர்களும் முரண்பட்டார்கள். அந்தச் சர்ச்சையில் மக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் மக்கள் அதற்கு முன்பே எழுந்துவிட்டார்கள். டோக்கியோவின் மேற்கே உள்ள சுகினாமி வட்டத்தில் மீன் கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. ஏப்ரலில் அங்கே பொது மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்தின் முடிவில் சுகஹாரா தோமிகோ என்ற மீன்கடைக்காரரின் மனைவி எழுந்து நின்று, எங்கள் பிழைப்பே போகிறது, இதற்கு எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டார். மண்டபத்தின் பொறுப்பாளர் யாசுய் கவோரு சர்வதேசச் சட்டப் பேராசிரியர். அங்கேயே இல்லத்தரசிகளுக்காக ஒரு வாசிப்பு வட்டமும் நடத்திவந்தார். மே 9 அன்று கூடிய அந்த வட்டாரத்து மக்கள் எந்தக் கட்சியின் பெயரும் இல்லாத, எந்த நாட்டையும் திட்டாத, மிகச் சுருக்கமான ஒரு வேண்டுகோளை வெளியிட்டுக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். பெண்கள் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். சுமார் 3,90,000 பேர் வாழ்ந்த வட்டத்தில் இரண்டு மாதங்களுக்குள் ஏறத்தாழ 2,70,000 கையெழுத்துகள் சேர்ந்தன. நாடெங்கும் பரவி, 1955 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் முதல் உலக மாநாடு கூடியபோது 3 கோடியைத் தாண்டிவிட்டது. அன்றைய ஜப்பானின் மக்கள்தொகை 9 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஆக, மூன்றில் ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் ஜப்பானிய அரசின் ஒரு செயலைக் குறிப்பிட வேண்டும். 1954 டிசம்பர் முடிவில் அரசு மீன்களைச் சோதிப்பதை நிறுத்திவிட்டது. அதற்குச் சில நாள் கழித்து, 1955 ஜனவரி 4 அன்று, சட்டப் பொறுப்பு எதையும் ஏற்காமல் 20 லட்சம் டாலர் தருவதாக அமெரிக்காவும், அத்துடன் விவகாரம் முடிந்தது என்று ஜப்பானும் ஒப்புக்கொண்டன. கடலில் கலந்த கதிரியக்கம் புத்தாண்டு பிறந்ததும் மறைந்துவிடவில்லை. அளப்பதை நிறுத்தியதால் எண்கள் மறைந்தன. அந்த நேரத்தில் மக்களின் கையில் மிஞ்சியிருந்த ஒரே கணக்கு, சுகினாமியில் எண்ணிக் கட்டப்பட்ட கையெழுத்துத் தாள்கள்தான்.

அந்தத் தாள்கள் இன்னொரு கதவையும் திறந்தன. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுக்குத் தப்பியவர்கள் அதுவரை ஏறக்குறைய ஊமைகளாகவே வாழ்ந்தார்கள். 1952 வரை நீடித்த அமெரிக்க ஆட்சியின் காலத்தில் குண்டைப் பற்றி எழுதுவதற்குத் தணிக்கை இருந்தது. அதற்குப் பிறகும் கல்யாணச் சந்தையிலும் வேலைச் சந்தையிலும் தாங்கள் ஒதுக்கப்படுவோம் என்ற அச்சம் இருந்தது. 1955 மாநாட்டு மேடையில் அவர்கள் பேசியதை முதன்முறையாக நாடே கேட்டது. மறு ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று நாகசாகியில் நிஹோன் ஹிதான்கியோ என்ற அவர்களுடைய கூட்டமைப்பு பிறந்தது. 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது அந்த அமைப்புதான். ஆஸ்லோவில் 92 வயது தனாகா தெருமி நின்று பேசியதைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த மேடைக்கு அடித்தளம் போட்டது ஒரு மீன்கடைக்காரரின் மனைவி என்று தெரிந்திருக்கும்?

(இயக்கம் என்றால் புனிதம் என்று நினைத்துவிட வேண்டாம். சில ஆண்டுகளில் ஜப்பானின் இயக்கம் சோவியத் குண்டுகளையும் அதே அளவுக்குக் கண்டிக்க வேண்டுமா என்ற கேள்வியில் மோதி, 1963 மாநாட்டில் பிளந்துபோனது. கட்சிகள் உள்ளே வந்ததும் கட்சிகளின் சண்டையும் உள்ளே வந்தது. நம் ஊர் இயக்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது.)

இனிப் பற்களின் கதை. காற்றில் வெடிக்கும் அணுகுண்டின் தூசில் ஸ்ட்ரான்ஷியம்-90 என்ற தனிமம் இருக்கிறது. வேதியியலில் அது கால்சியத்தின் பங்காளி. கால்சியம் போகும் வழியிலெல்லாம் அதுவும் போகும். மேலே எழுந்த தூசு மழையோடு புல்லில் இறங்குகிறது, புல்லைப் பசு மேய்கிறது, பால் குழந்தைக்குப் போகிறது, குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் போய் உட்கார்ந்துவிடுகிறது. பாதியாகக் கரைவதற்கே 29 ஆண்டுகள் பிடிக்கும். அமெரிக்காவின் நடுவே உள்ள செயின்ட் லூயிஸ் நகரத்தின் பாலில் இது கூடுதலாக இருப்பதாக 1950களின் இறுதியில் அரசின் அளவீடுகளே காட்டின. நெவாடாவில் வெடித்த குண்டின் தூசு காற்றோடு வந்து அங்கே மழையாக இறங்கியிருந்தது.

எலும்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் எலும்பு வேண்டும். உயிருள்ள குழந்தையின் எலும்பை யார் கொடுப்பார்கள்? அணுசக்தி ஆணையம் இதற்கு ஒரு வழி கண்டிருந்தது. சன்ஷைன் திட்டம் என்று அதற்கு அழகான பெயர். பல நாடுகளிலிருந்து, இறந்து பிறந்த சிசுக்களின் எலும்பு உட்பட மனித எலும்புகளை ரகசியமாகத் திரட்டிச் சோதித்தார்கள். பல இடங்களில் பெற்றோருக்குத் தெரியாது. 1955 ஜனவரியில் நடந்த ஓர் உள்கூட்டத்தில் ஆணைய உறுப்பினர் வில்லர்ட் லிப்பி, பிணம் திருடுவதில் தேர்ந்தவர் யாராவது இருந்தால் அவர் நாட்டுக்குச் சேவை செய்தவராவார் என்ற பொருளில் பேசியது நாற்பது ஆண்டுகள் கழித்து ஆவணங்கள் திறக்கப்பட்டபோதுதான் வெளியே வந்தது.

செயின்ட் லூயிஸ் மக்களுக்கு அந்தத் திட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர்கள் கண்ட வழி அதற்கு நேர் எதிரானது. பால்பல் தானாக விழுவது. அதைக் கொடுப்பதால் யாருக்கும் வலியில்லை. கருவிலும் முதல் ஆண்டிலும் உருவாகும் பல்லில் அந்த நாளின் கால்சியமும் அந்த நாளின் ஸ்ட்ரான்ஷியமும் பூட்டப்பட்டிருக்கின்றன. ஆறேழு வயதில் அது விழும்போது ஆறேழு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாட்குறிப்பு கைக்கு வருகிறது. இந்த யோசனையை 1958இல் ஹெர்மன் கால்கார் என்ற அறிவியலாளர் எழுதினார். அந்த ஊரின் உயிரியலாளர் பாரி காமனரும் மருத்துவர்களும் இல்லத்தரசிகளும் சேர்ந்து நடத்திய குடிமக்கள் குழு அதைக் கையில் எடுத்தது. லூயிஸ் ரெய்ஸ் என்ற பெண் மருத்துவர் முதல் சில ஆண்டுகள் அதை நடத்தினார்.

பள்ளிகளிலும் பல் மருத்துவர்களிடமும் நூலகங்களிலும் படிவங்கள் கிடைத்தன. குழந்தையின் பிறந்த தேதி, கருவுற்றிருந்தபோது தாய் வசித்த ஊர், முதல் ஆண்டில் தாய்ப்பாலா புட்டிப்பாலா என்பதையெல்லாம் தாய்மார்கள் நிரப்பி, அதோடு பல்லையும் வைத்து அஞ்சலில் அனுப்பினார்கள். அனுப்பிய குழந்தைக்கு, என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன் என்ற வாசகத்தோடு ஒரு சட்டை வில்லை வந்தது. அந்த வில்லைக்கு ஆசைப்பட்டே ஆடும் பல்லை அசைத்துப் பிடுங்கிய பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். வந்த பற்களைப் பெண்கள் மேசைகளில் கொட்டி, பிறந்த ஆண்டுவாரியாகவும் பல்லின் வகைவாரியாகவும் குடித்த பால்வாரியாகவும் தன்னார்வமாகப் பிரித்தார்கள்.

ஒற்றைப் பல்லில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியம் அன்றைய கருவிகளால் அளக்க முடியாத அளவுக்குச் சொற்பம். அதனால் ஒரே ஆண்டில் பிறந்த, ஒரே விதமாகப் பாலூட்டப்பட்ட பல குழந்தைகளின் பற்களை ஒன்றாகச் சேர்த்து, அரைத்து, சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைத்தான் அளந்தார்கள். தீப்பெட்டியில் கிடக்கும் பல் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் அன்று ஒன்றும் சொல்லியிருக்காது.

முதல் முடிவுகள் 1961 நவம்பரில் வெளிவந்தன. 1950களின் தொடக்கத்தில் பிறந்தவர்களிடம் ஆண்டுக்கு ஆண்டு அளவு ஏறிக்கொண்டே வந்திருந்தது. பின்னர் முழுக் கணக்கும் சேர்ந்தபோது, 1950இல் பிறந்த குழந்தைகளைவிட 1963இல் பிறந்தவர்களிடம் ஏறத்தாழ ஐம்பது மடங்கு இருந்தது. 1970இல் ஆய்வு முடியும்வரை சுமார் 3,20,000 பற்கள் வந்தன. அளவு குறைவுதான், ஆபத்தில்லை என்று அரசு அறிவியலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் அவர்கள் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்ற விவாதம் இன்றும் முற்றாக முடியவில்லை. ஆனால் தங்கள் பிள்ளையின் வாயிலிருந்து விழுந்த பல்லின் எண்ணைத் தாங்களே சேகரித்த தாய்மார்களிடம், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது இனி முடியாத காரியமாயிற்று.

அந்த 1961 நவம்பர் முதல் தேதியன்றுதான் அமெரிக்காவின் பல நகரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் சமையலறையையும் அலுவலகத்தையும் விட்டு ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு நாள் முன்பு சோவியத் யூனியன் 50 மெகாடன் குண்டை வெடித்திருந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அந்தப் பெண்களை நாடாளுமன்றக் குழு ஒன்று கம்யூனிஸ்டுகளா என்று விசாரிக்க அழைத்தபோது, கைக்குழந்தைகளோடும் பூச்செண்டுகளோடும் வந்து அவையை நிறைத்துவிட்டார்கள்; விசாரித்தவர்கள்தான் நெளிந்தார்கள். வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவர் மனைவி ஏவா ஹெலனும் சோதனைகளை நிறுத்தக் கோரி 9,000க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களிடம் கையெழுத்து வாங்கி 1958 ஜனவரியில் ஐ.நா. பொதுச்செயலரிடம் கொடுத்திருந்தார்கள். அதே பாலிங் 1962 ஏப்ரலில் வெள்ளை மாளிகை வாசலில் அட்டையைத் தூக்கிக்கொண்டு மறியல் செய்துவிட்டு, நோபல் பரிசாளர்களுக்கான விருந்துக்கு அன்று மாலையே உள்ளே போனார்.

நம் பக்கத்திலிருந்தும் அந்த வாசலுக்கு ஒருவர் போனார். பிகினி வெடிப்பு நடந்த ஒரு மாதத்தில், 1954 ஏப்ரல் 2 அன்று, சோதனைகளை அப்படியே நிறுத்திவைக்க வேண்டும் என்று மக்களவையில் முதலில் கேட்ட அரசுத் தலைவர் நேரு. எட்டாண்டு கழித்து, காந்தி அமைதி அறக்கட்டளை தில்லியில் கூட்டிய அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைத் தொடர்ந்து, ராஜாஜியும் ஆர்.ஆர். திவாகரும் பி. சிவராவும் அமெரிக்கா சென்றார்கள். அப்போது ராஜாஜிக்கு வயது 83. உள்நாட்டில் நேருவின் கொள்கைகளை எதிர்க்கவென்றே சுதந்திராக் கட்சியைத் தொடங்கியிருந்தவர், இந்த ஒரு விஷயத்தில் அவரோடு ஒத்த குரலில் பேசக் கடல் கடந்தார். 1962 செப்டம்பர் 28 அன்று கென்னடியைச் சந்தித்து, சோதனைகளை நிறுத்த முன்வருமாறு வாதாடினார். மூன்று வாரத்தில், உலகை அணுப்போரின் விளிம்புக்குக் கொண்டுபோன கியூபா நெருக்கடி வந்தது. மறு ஆண்டு வந்த சோதனைத் தடை ஒப்பந்தம் அந்தச் சந்திப்பால்தான் வந்தது என்று பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பள்ளிப் பாடத்தில் ராஜாஜியைப் பற்றிப் படித்த எதிலும் இது இருந்ததாக நினைவில்லை.

1963 ஜூலை 26 அன்று தொலைக்காட்சியில் பேசிய கென்னடி, எலும்பில் புற்றுநோயோடும் ரத்தத்தில் லுகேமியாவோடும் வாழ நேரும் குழந்தைகளின் எண்ணிக்கை சிறிதாகத் தெரியலாம், ஆனால் இது புள்ளிவிவரம் சார்ந்த விஷயமல்ல என்ற கருத்தைச் சொன்னார். எலும்பு என்ற சொல் ஓர் அமெரிக்க அதிபரின் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில், காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் அணுச்சோதனை செய்வதில்லை என்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்க செனட் 80க்கு 19 என்ற வாக்கில் அதை ஏற்றது. குழந்தைகளின் பற்களில் ஸ்ட்ரான்ஷியம் பிறகு குறையத் தொடங்கியது.

இதை வெற்றி என்று எழுதி நிறுத்திவிடலாம். ஆனால் எனக்கு நெடுநாளாக உறுத்துவது இதற்குப் பிறகு நடந்ததுதான். ஒப்பந்தம் நிலத்தடிச் சோதனையைத் தடுக்கவில்லை. உலகில் இதுவரை நடந்த 2,000க்கும் மேற்பட்ட சோதனைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலத்துக்கு அடியில் நடந்தவை. பெரும்பாலும் 1963க்குப் பிறகு. குண்டுகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டேதான் போனது. பால் சுத்தமானதும் கூட்டம் கலைந்தது. வீட்டு வாசலுக்கு வந்த ஆபத்தைக் காட்டித் திரட்டிய கூட்டம், வாசலைவிட்டு ஆபத்து விலகியதும் வீட்டுக்குள் போய்விடும் என்பதைக் குற்றமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதை இயக்கத்தின் தலைவர்கள் முன்பே யோசித்திருக்கலாம். கட்டடத்துக்குத் தீ வைப்பவனை விட்டுவிட்டுப் புகையை மட்டும் அடக்கிய கதையாயிற்று.

புகை விலகாத இடங்களும் இருந்தன. பிகினி வெடிப்பின் தூசு ரோங்கெலாப் தீவிலும் விழுந்தது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அமெரிக்கக் கப்பல் வந்து 80க்கும் மேற்பட்டோரை அப்புறப்படுத்தியது. அவர்கள் மீது உடனே ஒரு மருத்துவ ஆய்வு தொடங்கப்பட்டது. ஆய்வுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. 1957இல், பாதுகாப்பானது என்று சொல்லி அவர்களை அதே தீவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அணுசக்தி ஆணையத்தின் கூட்டமொன்றில் மெரில் ஐசன்பட் என்ற அதிகாரி, உலகிலேயே மிகவும் மாசுபட்ட அந்த இடத்தில் மனிதர்கள் வாழும்போது உடலில் எவ்வளவு சேர்கிறது என்று அளப்பது சுவையான விஷயமாக இருக்கும் என்று பேசியிருந்தார். ஆண்டுதோறும் மருத்துவர்கள் கப்பலில் வந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள், போனார்கள். தைராய்டுக் கட்டிகளும் கருச்சிதைவுகளும் மிகுந்தன. செயின்ட் லூயிஸைவிட நுட்பமாக அளக்கப்பட்ட உடல்கள் அவை. ஆனால் அந்த எண்கள் அந்த உடல்களுக்கு உரியவர்களிடம் வந்து சேரவில்லை.

1985இல் ரோங்கெலாப் மக்கள் தாங்களே முடிவெடுத்து ஊரைக் காலிசெய்தார்கள். அமெரிக்கா உதவ மறுத்ததால் கிரீன்பீஸ் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்டோரையும் வீட்டுப் பலகைகளையும் பல நடையாக ஏற்றிச் சென்றது. இரண்டு மாதத்தில், ஜூலை 10 அன்று, அதே கப்பலை ஆக்லாந்து துறைமுகத்தில் பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். பெர்னாண்டோ பெரைரா என்ற புகைப்படக்காரர் இறந்தார்.

பிகினி வெளிச்சத்தை ஒன்பது வயதில், தாத்தாவோடு மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது பார்த்தவர் டோனி டிபுரூம். பின்னாளில் மார்ஷல் தீவுகளின் வெளியுறவு அமைச்சரானார். அவர் காலத்தில், 2014 ஏப்ரலில், அந்தச் சின்னஞ்சிறு நாடு அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகள் மீதும் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பணம் கேட்கவில்லை, ஆயுதக் குறைப்புப் பேச்சுக்கு வருவதாகச் சொன்னதை நிறைவேற்றுங்கள் என்று கேட்டது. நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்றிருந்த மூன்று நாடுகளின் மீதான வழக்குகளே விசாரணைக்கு வந்தன: பிரிட்டன், பாகிஸ்தான், இந்தியா. 2016 அக்டோபரில், தரப்பினருக்கிடையே தகராறே எழவில்லை என்ற நுணுக்கக் காரணத்தால் மூன்றும் தள்ளுபடியாயின. பிரிட்டன் வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டாகப் பிரிந்து, தலைவரின் கூடுதல் வாக்கால் முடிவாயிற்று. மக்களவையில் முதலில் குரல் கொடுத்த நாடு அறுபது ஆண்டுகளில் பிரதிவாதிக் கூண்டுக்கு வந்து சேர்ந்த அந்தச் செய்தி நம் பத்திரிகைகளில் எந்த மூலையில் வந்தது என்று எனக்கு நினைவில்லை.

மறு ஆண்டே, 2017 ஜூலை 7 அன்று, 122 நாடுகளின் வாக்கோடு அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் நிறைவேறியது. அதற்காகப் பத்தாண்டு உழைத்த ஐகேன் கூட்டமைப்புக்கு அந்த ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அணு ஆயுத நாடு ஒன்றுகூட அதில் சேரவில்லை; இந்தியாவும் இல்லை, ஜப்பானும்கூட இல்லை. அதனால் காகிதப் புலி என்பார்கள். நான் அதில் முதலில் படித்தது ஆறாவது பிரிவை. சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவமும் மறுவாழ்வும் தர வேண்டும், கெட்டுப்போன நிலத்தைச் சீர்செய்ய முயல வேண்டும் என்கிறது அது. ஆயுதங்களை எண்ணியே பழகிய ஒப்பந்தங்களுக்கு நடுவே ஆட்களை எண்ணச் சொல்லும் வாசகம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தம் டோக்கியோ போயிருந்தபோது, கிடைத்த ஒரு மதியத்தில் யுமெனோஷிமா போனேன். கனவுத் தீவு என்று பொருள். நகரத்தின் குப்பையைக் கொட்டிக் கொட்டி உருவான நிலம். அங்கே ஒரு கூடத்துக்குள் டாய்கோ ஃபுகுரியூ மாரு நிற்கிறது. விபத்துக்குப் பிறகு மாணவர்களின் பயிற்சிக் கப்பலாக ஓடி, 1967இல் கழித்துக் கட்டப்பட்டு, குப்பையோடு குப்பையாகக் கிடந்த படகு. 1968இல் ஓர் இளைஞர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தால் அதை மீட்கும் இயக்கம் எழுந்து, 1976இல் கூடம் திறந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. படகின் வயிற்றுப் பக்கம் நின்று அண்ணாந்தால் மரப்பலகைகளின் பொருத்து வாய்கள் தெரிகின்றன. இருபத்து மூன்று பேர் இதிலா அவ்வளவு தூரம் போனார்கள் என்று தோன்றும் அளவுக்குச் சிறிது. பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு சின்னக் குப்பியில், அன்று படகின் மேல் பெய்த அந்த வெண்ணிறத் தூள் இருக்கிறது. கோலமாவு என்று யாராவது சொன்னால் நம்பிவிடலாம்.

படகில் இருந்தவர்களில் ஒருவர் ஓயிஷி மதாஷிச்சி. இழப்பீடு வாங்கியவன் என்ற ஊராரின் பொறாமைக்கும், கதிரியக்கம் பட்டவன் என்ற பேச்சுக்கும் அஞ்சி டோக்கியோவுக்குப் போய், சலவைக்கடை வைத்துப் பிழைத்தவர். முதல் குழந்தை இறந்தே பிறந்தது. முப்பது ஆண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டு, 1980களில் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசத் தொடங்கினார். சுகிஜி சந்தையில் புதைக்கப்பட்ட சூரை மீன்களுக்கு அங்கேயே ஒரு நடுகல் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகப் பிள்ளைகளிடம் ஆளுக்கு 10 யென் நாணயம் கேட்டுச் சேர்த்தார். கல் தயாரானது, சந்தையில் இடம் கிடைக்கவில்லை. தற்காலிகமாக இருக்கட்டும் என்று படகுக் கூடத்தின் வெளியே வைத்தார்கள். 2018இல் சந்தையே வேறிடத்துக்குப் போய்விட்டது. 2021இல் ஓயிஷி இறந்தார். நான் போன அன்று அந்தக் கல்லின் தலையில் உதிர்ந்த இலைகள் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தன.